ஸ்டீரிங் சார்

ஸ்டீரிங் சார் தானாக உருவாவதில்லை. அவரை ஒரு மெக்கானிக்தான் உருவாக்குகிறார்.

அதற்கு முன்பு அவர் சாதுவான மனிதர். வங்கியிலோ மின்வாரியத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஃபியூஸ் போனால்கூட எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டுவிட்டு மெழுகுவத்தி தேடுகிறவர். வாசலில் ஒரு பழைய மாருதி 800 நிற்கும். 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. எஃப்.சி. புதுப்பித்து, பச்சை வரி கட்டி, மகன் ‘வித்துடுங்கப்பா’ என்று சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அவர் அதை ஓட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் ‘டொக்’ என்கிறது. தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் விடுகிறார். “டைராடு எண்டு போயிருச்சு சார், ரெண்டு பக்கமும் மாத்திரலாம்.” ஸ்டீரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டின் முனை அது. மாற்றுகிறார்கள். சாயங்காலம் வண்டி வருகிறது. சத்தம் இல்லை. ஆனால் வண்டி நேராகப் போக வேண்டுமென்றால் ஸ்டீரிங்கைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் காலை ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கிறார். அங்கே கிடைக்கும் பதில்கள் தமிழ்நாடு முழுக்க ஒரே வரிசையில்தான் வரும். முதலில், “ரோடு அப்படி சார்.” பிறகு, “டயர் தேஞ்சிருக்கு சார்.” அடுத்தது, “கம்பெனியிலயே இந்த மாடல் இப்படித்தான் சார்.” எதற்கும் மசியவில்லை என்றால், “ஓட ஓட செட் ஆயிடும் சார்.”

முதல் பதிலில் கொஞ்சம் உண்மை உண்டு என்பதை மெக்கானிக் சார்பில் சொல்லிவிட வேண்டும். மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சாலையை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்திப் போடுகிறார்கள். நாம் இடது பக்கம் ஓட்டுவதால், கையை எடுத்தால் எந்த வண்டியும் லேசாக இடது பக்கம் சாயத்தான் செய்யும். ஆனால் முதல் நாள் வரை நேராக இருந்த ஸ்டீரிங் அதே சாலையில் ராத்திரியோடு ராத்திரியாகக் கோணியதற்கு நெடுஞ்சாலைத் துறையைக் குறை சொல்ல முடியாது.

சார் நகரவில்லை. அப்போதுதான் அந்தக் கைங்கரியம் நடக்கிறது. மெக்கானிக் ஹார்ன் மூடியைக் கழற்றி, நடு நட்டைத் தளர்த்தி, ஸ்டீரிங் சக்கரத்தை அப்படியே உருவியெடுத்து, ஒரு பல் தள்ளி மாட்டிவிடுகிறார். “இப்பப் பாருங்க சார், நேரா இருக்கா?” இருக்கிறது. கோணலாக இருந்த சக்கரம் நேராகிவிட்டது. அடியில் இருந்த கோணல் அப்படியேதான் இருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியிலேயே சாருக்கு விவகாரம் புரிகிறது. இடது பக்கம் முழுசாக ஒடித்தால் வருகிற சுற்று வலது பக்கம் வரவில்லை. திரும்பி முடித்ததும் தானாக அணைய வேண்டிய இண்டிகேட்டர், ஒரு பக்கம் பாதித் திருப்பத்திலேயே அணைகிறது. இன்னொரு பக்கம் அடுத்த தெரு வரை கண் சிமிட்டிக்கொண்டே வருகிறது.

அன்று ராத்திரி பதினொரு மணிக்கு யூடியூபில் ஸ்டீரிங் சார் பிறக்கிறார்.

அமெரிக்கர் ஒருவர் பேசிக்கொண்டே கழற்றுகிறார். ரஷ்யர் ஒருவர் பேசாமல் கழற்றுகிறார். இரண்டு பேரையும் சார் முழுசாகப் பார்க்கிறார். ஒரு வாரத்தில் அவர் பேச்சில் ராக், பினியன், டோ, கேம்பர், காஸ்டர் எல்லாம் புழங்க ஆரம்பிக்கின்றன. இரண்டாவது வாரம் சரித்திரம் வருகிறது. திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிட அதிகம் ஒடிய வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் மியூனிக் நகரத்து வண்டி செய்பவரான லாங்கன்ஸ்பெர்கர். 1818-இல் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை வாங்கியவர் அவருடைய ஏஜென்ட் ஆக்கர்மன். இன்றைக்கும் அது ஆக்கர்மன் பெயரில்தான் வழங்குகிறது. இதைச் சொல்லும்போது சாருக்குக் குரல் கம்மிவிடும். “வேலை செஞ்சவன் ஒருத்தன், பேர் வாங்கினவன் ஒருத்தன். எங்க ஹெட் ஆபீஸ்லயும் இதேதான் நடந்தது” என்பார்.

அடுத்தது கொள்முதல். சென்னைக்காரராக இருந்தால் ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்குவார். ஒரிஜினலைப் பார்த்த கையோடு பழைய சாமானுக்குப் புதுப்பேட்டைக்கும் ஒரு நடை போவார். டைராடு எண்டு வாங்கும்போது, ரானே மெட்ராஸ் கம்பெனி 1960-களிலிருந்து அதைத் தயாரித்து வருகிறது என்று கடைக்காரருக்கே பாடம் எடுப்பார். கடைக்காரர் பில்லை நீட்டுவார். டார்க் ரெஞ்ச், புல்லர், இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, கையுறை, நெற்றியில் கட்டும் விளக்கு என்று வீட்டுக்கு மூட்டை வரும். துருப்பிடித்த நட்டுக்கு டபிள்யூ.டி. 40 டப்பாவும் உண்டு. அந்த 40 என்பது நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை என்பதையும், 1953-இல் அமெரிக்காவில் ஏவுகணைகள் துருப்பிடிக்காமல் இருக்கத்தான் அதைத் தயாரித்தார்கள் என்பதையும் வாட்ச்மேன் வரைக்கும் எல்லாரும் கேட்டாகிவிட்டது. சில நூறு ரூபாய் அலைன்மென்ட் கூலியை மிச்சப்படுத்த ஆன செலவை அவர் மனைவி ஒரு முறை கூட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் கூட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியின் முன்பக்கம் மேலே ஏறுகிறது. இதில் சாரைக் குறை சொல்லவே முடியாது. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் தலையை நீட்டுகிற ஆள் அல்ல அவர். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, ஸ்டாண்டில் இறக்கி, வண்டியை ஒரு உலுக்கு உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் சக்கரத்தில் கை வைப்பார். ஒர்க்‌ஷாப்பில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை.

சக்கரத்தைக் கழற்றியதும் தடயம் சிக்குகிறது. டைராடு எண்டைப் பிடித்திருக்கும் நட்டின் தலையில் பள்ளம் வெட்டியிருக்கும். அதன் வழியாக ஒரு ஸ்பிளிட் பின்னைச் செருகி, காலை மடக்கிவிட வேண்டும். நட்டு எவ்வளவு அதிர்ந்தாலும் கழன்று போகாமல் காப்பது அந்தப் பின்தான். சார் வண்டியில் அந்த இடத்தில் இருந்தது கட்டட வேலைக்குப் பயன்படுத்தும் கட்டுக்கம்பி. இரண்டு சுற்று சுற்றி முறுக்கியிருந்தார்கள். போதாக்குறைக்கு, டைராடு எண்டைத் தண்டில் பூட்டும் லாக் நட்டு கையாலேயே சுழன்றது. அந்தக் கட்டுக்கம்பியை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் டப்பா வரும்.

கோணலுக்குக் காரணம் மிகச் சின்னது. பழைய டைராடு எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணிக்கொண்டு, புதியதை அதே அளவு ஏற்ற வேண்டும். அப்படிச் செய்தால் அலைன்மென்ட் ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்துவிடும். ஒர்க்‌ஷாப்பில் எண்ண வேண்டிய பையன் எண்ணவில்லை. சார் எண்ணுவார். சத்தமாகவே எண்ணுவார்.

பிறகு நூல் கட்டும் படலம். வண்டியின் இரு பக்கமும் நான்கு ஸ்டூல் வைத்து, வண்டிக்கு இணையாகத் தையல் நூலை இழுத்துக் கட்டி, முன்சக்கர ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் நூலிலிருந்து எவ்வளவு தூரம் என்று எஃகு ஸ்கேலால் அளக்க வேண்டும். முன்னால் தூரம் கூடுதலாக இருந்தால் சக்கரம் உள்பக்கம் பார்க்கிறது, குறைவாக இருந்தால் வெளியே பார்க்கிறது; இதுதான் டோ. ஏதோ பாட்டி வைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். பந்தயக் கார்க்காரர்களும் மைதானத்தில் இப்படி நூல் கட்டித்தான் அளக்கிறார்கள். ஸ்டீரிங்கை நடுவுக்குக் கொண்டுவர ஒரு பக்கத் தண்டைக் கால் சுற்று குறைத்தால், இன்னொரு பக்கத்தைக் கால் சுற்று கூட்ட வேண்டும். ஒவ்வொரு திருகலுக்கும் பிறகு வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டினால்தான் டயர் அதன் இடத்தில் உட்காரும். உருட்டுவது வாட்ச்மேன் வேலை.

“இன்னும் ஒரே ஒரு தடவை தள்ளுப்பா.”

“போன தடவையும் இதேதான் சார் சொன்னீங்க.”

மேலே வீட்டில் வேறு விசாரணை. வெற்றிலை பாக்கு வைக்கும் எவர்சில்வர் தாம்பாளத்தைக் காணவில்லை. கீழே, மண்ணெண்ணெயில் நட்டுகளை ஊறவைத்தபடி அது காருக்கடியில் இருக்கிறது. “என்னங்க, சாயங்காலம் கல்யாண ரிசப்ஷன், ஞாபகம் இருக்கா?” என்று பால்கனியிலிருந்து குரல் வரும். “அலைன்மென்ட் முடிஞ்சதும் கிளம்பிடலாம்” என்று காருக்கடியிலிருந்து பதில் போகும். அம்மாள் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டார்.

இந்த இனத்தில் உட்பிரிவுகளும் உண்டு. திருச்சி பெல் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் உயர்ந்த ரகம். யூடியூபைத் தொடமாட்டார், வெர்னியரை எடுப்பார். மென்பொருள் துறைக்காரர் ரகம் எல்லாவற்றையும் எக்செல்லில் போடும். அளவுகள் பிரமாதமாக இருக்கும், நட்டு இறுகியிருக்காது. கழற்றுவதோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை ஒரு சாக்கில் கட்டி அதே ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பும் மூன்றாவது ரகமும் உண்டு. அவர்களைப் பற்றி விரிவாக எழுதுவது பாவம்.

நம் சார் அந்த ரகம் அல்ல. அடுத்த திங்கட்கிழமை கம்ப்யூட்டர் அலைன்மென்ட் கடைக்குப் போனார், சரி செய்ய அல்ல, சோதிக்க. “டோ மட்டும்தான் செட் பண்ணலாம் சார், கேம்பர் காஸ்டருக்கு இந்த வண்டியில அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது” என்றான் பையன். “தெரியும்” என்றார் சார். திரையில் இரண்டு பக்கமும் பச்சை விழுந்தது. “யார் சார் செட் பண்ணது?” என்று பையன் கேட்டதும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பேரன் பிறந்தபோதுகூட அப்படி இல்லை என்கிறார் அம்மாள். அந்தத் தாளை லேமினேட் செய்து, ஆர்.சி. புத்தகத்தோடு டாஷ்போர்டில் வைத்திருக்கிறார்.

வண்டி சரியாகிவிட்டது. சாரின் கஷ்டமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. கையில் டார்க் ரெஞ்ச், எதிரே முழு ஞாயிற்றுக்கிழமை, திருக ஒன்றும் இல்லை. அடுக்ககத்தில் மற்றவர்களின் வண்டிகளை ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கினார். முன்டயரில் கையைக் குறுக்கே தடவி, ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருந்தால், “தம்பி, உங்க டோ அவுட்டு” என்று லிஃப்டில் வைத்துச் சொல்வார்.

மூன்றாவது மாடித் தம்பி சிக்கினார். புது வண்டி, எலெக்ட்ரிக் பவர் ஸ்டீரிங், ஏர்பேக் எல்லாம் உள்ளது. ஏர்பேக் ஒயர்களுக்கு மஞ்சள் உறை போட்டிருப்பார்கள். மஞ்சளைக் கண்டால் தொடுவதில்லை என்பது சாரின் கொள்கை. பாதுகாப்புக்காக பேட்டரியையும் கழற்றி வைத்துவிட்டார். டைராடை அழகாகத் திருகி, நூல் கட்டி, நேராக்கினார். பேட்டரியை மாட்டிச் சாவியைப் போட்டதும் ஸ்டீரிங் விளக்கு மஞ்சளாக எரிந்தது. மின்சாரம் துண்டிக்கப்பட்டால் நேர்நிலை எது என்பதைப் பல வண்டிகளின் சென்சார் மறந்துவிடும். சில வண்டிகளில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பினால் சரியாகும், சிலவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும். சார் திருப்பினார். மறுபடி திருப்பினார். விளக்கு எரிந்தது.

“ஒண்ணுமில்ல தம்பி” என்றார். “ஓட ஓட போயிடும்.”

தம்பி எதுவும் பேசவில்லை. அடுத்த வாரம் வாட்ச்மேன் ஒரு பார்சலோடு படியேறுவதைப் பார்த்து சார் வழிமறித்தார். அட்டைப்பெட்டியில் ஸ்கேனர் படம். பின்னாலேயே ஒரு நீள டப்பா, அது டார்க் ரெஞ்ச் என்று பார்க்காமலே அவருக்குத் தெரியும். தம்பி கதவைத் திறந்தார்.

“எத்தனை நியூட்டன் மீட்டர் வரைக்கும் போகும் தம்பி?”

“வீடியோ பாத்துட்டு சொல்றேன் சார்.”