மெஷின் பேசுகிற ஊரிலிருந்து

டோக்கியோ,
நிஷி கசாய்.

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு மூட்டுவலி தேவலையா? போன வாரம் போனில், "ஜப்பான்ல எல்லாத்தையும் மெஷினே பாத்துக்குதாமே, நீங்க ரெண்டு பேரும் அங்க என்னதான் பண்றீங்க?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டீர்கள். விருதுநகரில் பாதி ரேடியோவையும் முக்கால்வாசி மிக்ஸியையும் பிரித்துப் பார்த்த மனிதருக்கு வாட்ஸப்பில் நாலு வரியில் பதில் சொன்னால் சரியாக இருக்காது. அதனால் கடிதமாகவே எழுதிவிட்டேன்.

இங்கே மெஷின்கள் பேசும், மாமா. அதுவும் சம்பந்தி வீட்டுக்காரர்களிடம் பேசுகிற மரியாதையோடு பேசும். லாரி இடது பக்கம் திரும்பும்போது, "இடது பக்கம் திரும்புகிறேன், தயவுசெய்து கவனமாக இருங்கள்" என்று ஒரு பெண்குரல் கேட்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருப்பவர் மீசை வைத்த தாத்தா. எஸ்கலேட்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லும். ஏ.டி.எம். பணத்தை எடுக்க மறந்துவிடாதீர்கள் என்று கெஞ்சும். இத்தனை குரலுக்கு நடுவில் ரயிலுக்குள் மனிதர்கள் மட்டும் வாயைத் திறப்பதில்லை. பேசுகிற வேலையை மெஷினுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் அதிகம் பேசுவது வெந்நீர் மெஷின். சமையலறைச் சுவரில் ஒரு பலகை, அதில் ஒரு பொத்தான். அழுத்தினால் குளியல் தொட்டியில் தானாகவே நீர் நிரம்பும். நாம் சொன்ன சூட்டில், சொன்ன உயரத்தில் நிற்கும். நின்றதும் ஒரு பியானோ மெட்டைப் பாடிவிட்டு, குளியல் தயார் என்று அறிவிக்கும். அந்த மெட்டு 19ஆம் நூற்றாண்டில் தியோடர் ஓஸ்டன் என்கிற ஜெர்மானியர் குழந்தைகளுக்காக எழுதியது. பொம்மை கனவு கண்டு விழித்துக்கொள்வதைப் பற்றியதாம். அவர் பாவம், தன் பாட்டைக் கேட்டு ஒரு நாடே துண்டை எடுத்துக்கொண்டு ஓடும் என்று கண்டாரா? குளியலறைக்குள்ளே இன்னொரு பொத்தானும் உண்டு. அதை அழுத்தினால் சமையலறையில் மணி அடிக்கும். தொட்டியில் யாருக்காவது மயக்கம் வந்தால் கூப்பிடுவதற்காக வைத்தது. உங்கள் மாப்பிள்ளை அதைத் துண்டு கேட்பதற்கு மட்டுமே பயன்படுத்துகிறார்.

கழிப்பறையைப் பற்றி எழுதாமல் ஜப்பான் கடிதம் முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். நாற்காலி சூடாகி, தண்ணீர் பீய்ச்சி, காற்றடித்துக் காயவைக்கிற இந்த வகையை டோட்டோ கம்பெனி 1980இல் 'வாஷ்லெட்' என்று கொண்டுவந்தது. இன்று பத்து வீட்டில் எட்டு வீட்டில் ஏதோ ஒரு கம்பெனியுடையது இருக்கிறது. கழுவுகிற விஷயத்தில் நாம் இவர்களைவிடப் பல தலைமுறை சீனியர். ஆனால் அதற்கு இத்தனை பொத்தான் வேண்டும் என்று நமக்குத் தோன்றியதில்லை. என் மாமியார் வந்திருந்தபோது முதல் நாளே முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தார். "யாரோ இப்பத்தான் எந்திரிச்சுப் போயிருக்காங்க, உட்கார்ற எடம் சூடா இருக்கு, நான் அப்புறம் போய்க்கிறேன்" என்றார். வீட்டில் அப்போது நாங்கள் இரண்டு பேர்தான், இரண்டு பேரும் அவர் கண் முன்னாலேதான் இருந்தோம். கடையில் ஒரு கழிப்பறைக்குள் நுழைந்ததும் மூடி தானாகத் திறந்தபோது மட்டும் கொஞ்சம் சமாதானமானார். "வாங்கன்னு சொல்லுது" என்றார். கம்பெனிக்குக் கம்பெனி படங்கள் வேறாக இருந்து வெளிநாட்டுக்காரர்கள் எதையோ அழுத்தி நனைந்து வந்ததால், 2017இல் தயாரிப்பாளர்கள் கூடிப் பொதுவான சின்னங்களை முடிவு செய்தார்கள். பழைய மாடல்களில் இன்னும் அதிர்ஷ்டம்தான் துணை.

இனி உங்கள் துறைக்கு வருகிறேன். இங்கே வீட்டுக்கு வருகிற கரண்டு 100 வோல்ட். நீங்கள் பார்த்துப் பார்த்து வாங்கிக் கட்டிக் கொடுத்த மிக்ஸி 230 வோல்ட், 750 வாட். "பாதி வோல்ட்டுன்னா பாதி வேகத்துல ஓடும், சட்னிக்கு அது போதும்" என்று உங்கள் மாப்பிள்ளை ஒரு அடாப்டரைப் போட்டு நேராகச் செருகினார். சக்தி ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும் என்று உங்களுக்குத் தெரியும், இவர் எம்.இ. படித்தவர், இவருக்குத் தெரியவில்லை. மோட்டார் முனகியது. தேங்காய்ச் சில்லு ஜாருக்குள் பிரதட்சிணம் வந்ததே தவிர அரைபடவில்லை. அப்புறம்தான் வோல்டேஜை ஏற்றுகிற டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வந்தது. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். இவ்வளவு பெரிய இரும்பை அடுப்படியில் வைத்துக்கொண்டு அரைப்பது புதினாத் துவையல்.

அரைத்தாலும் நிம்மதி கிடையாது. இங்கே மின்சார நிறுவனத்தோடு இத்தனை ஆம்பியர் என்று ஒப்பந்தம் போடவேண்டும். எங்களுக்கு 30 ஆம்பியர். 100 வோல்ட்டில் 3,000 வாட்தானே? குளிர்காலத்தில் சூட்டுக்கு ஏ.சி. ஓடும், ரைஸ் குக்கர் ஓடும், மைக்ரோவேவில் யாராவது பாலை வைப்பார்கள். அந்த நேரம் பார்த்து மிக்ஸியைத் திருகினால் டப்பென்று வீடே இருட்டாகிவிடும். அதனால் சமைக்கும்போது எங்கள் வீட்டில் ஒரு கூட்டல் கணக்கு எப்போதும் நடந்துகொண்டிருக்கும். இட்லிக்கு அரைக்கிற நாளில் யாருக்கும் சூடாகப் பால் கிடையாது.

இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. இந்த நாட்டில் கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60 ஹெர்ட்ஸ். 1890களில் மின்சாரம் வந்த புதிதில் டோக்கியோக்காரர்கள் ஜெர்மனியிலிருந்து ஜெனரேட்டர் வாங்கினார்கள், ஒசாக்காக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து வாங்கினார்கள். பங்காளிச் சண்டையில் போட்ட சுவர் மாதிரி அது இன்றுவரை அப்படியே நிற்கிறது. ஃபுஜி நதிப் பக்கம்தான் எல்லை. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோ இருட்டில் கிடந்தபோது மேற்கிலிருந்து தாராளமாகக் கரண்டு அனுப்ப முடியவில்லை. ஹெர்ட்ஸை மாற்றிக் கொடுக்கிற நிலையங்களின் திறன் அவ்வளவுதான். இங்கிருந்து ஒசாக்காவுக்கு வேலை மாறிப்போன தோழி ஒருத்தி, தன் கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் அங்கே வேகமாகச் சுற்றுகிறது என்று பூரித்துப்போய்ப் போன் செய்தாள். இண்டக்‌ஷன் மோட்டார், ஹெர்ட்ஸ் கூடினால் வேகமும் ஐந்தில் ஒரு பங்கு கூடத்தானே செய்யும். அவளோ ஒசாக்காத் தண்ணீரின் மகிமை என்கிறாள். நான் மறுத்துப் பேசவில்லை, மாவு நன்றாக இருந்தால் சரி.

ரைஸ் குக்கர்? இந்த நாட்டின் பெருமை அது. தோஷிபா 1955இல் தானாக அணைகிற மின்சாரக் குக்கரை விற்கத் தொடங்கிய நாளிலிருந்து இவர்கள் அதைச் செதுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் குக்கரில் சுஷிக்கு, கஞ்சிக்கு, தவிட்டரிசிக்கு என்று தனித்தனிப் பொத்தான். ஒட்டுகிற அரிசியைத் தேவாமிர்தமாக ஆக்கித் தரும். பொன்னி அரிசியைப் போட்டால் அதையும் எப்படியாவது ஒட்டவைத்துவிடவேண்டும் என்று ஒரு மணி நேரம் பாடுபடும். வடிப்பதற்கு மட்டும் பொத்தான் இல்லை.

ஆபீஸ் சமாசாரம் கேட்டால் சிரிப்பீர்கள். புல்லட் ரயில் விடுகிற ஊரில் ஃபேக்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2020இல் கொரோனா கணக்கை ஆஸ்பத்திரிகள் ஃபேக்ஸில்தான் அனுப்பிக்கொண்டிருந்தன. அரசாங்க விண்ணப்பங்களை ஃப்ளாப்பியில் தரச் சொன்ன விதிகள் ஆயிரத்துக்கு மேல் இருந்து, 2024 ஜூனில்தான் ஒழிந்தன. அப்போதைய டிஜிட்டல் அமைச்சர் தாரோ கோனோ போரில் வென்றுவிட்டோம் என்றே அறிவித்தார். ஃப்ளாப்பி விற்பதை சோனி 2011இலேயே நிறுத்திவிட்டது என்பது வேறு விஷயம். இன்னொரு பக்கம், எங்கள் ஏ.சி.யை வெளியிலிருந்தே போட ஒரு ஆப் உண்டு. அது அடிக்கடி என்னை மறந்துபோய்ப் புதுப் பாஸ்வேர்ட் கேட்கும். ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி, எல்லாம் வேண்டும். காற்று வாங்குவதற்குக் கையெழுத்துப் போடச் சொல்வது நியாயமா, மாமா? எழுந்து போய் ரிமோட்டை அமுக்கிவிடுகிறேன்.

நான் முக்கியமாகச் சொல்லவந்தது வாஷிங் மெஷின் கதை. ஒரு நாள் அது பாதித் துவையலில் நின்றுபோய், திரையில் ஒரு எழுத்தையும் இரண்டு எண்ணையும் காட்டியது. சர்வீஸுக்குச் சொன்னோம். சொன்ன நிமிஷத்தில் ஆள் வந்தார். வாசலில் குனிந்து வணங்கினார். காலணியைக் கழற்றி, புதுச் சாக்ஸ் மாட்டிக்கொண்டு, தரையில் துணி விரித்து அதன்மேல் பெட்டியை வைத்தார். திரையைப் பார்த்தார். கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தார். உள்ளே போர்டு போய்விட்டது, அந்த மாடலுக்கு இப்போது பாகம் கிடையாது என்று சொல்லி, அந்த மெஷினே தம் பிள்ளை என்பதுபோல் மன்னிப்புக் கேட்டார். இங்கே கம்பெனிகள் உற்பத்தியை நிறுத்தியபிறகு இத்தனை வருஷம் பாகம் வைத்திருப்போம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். குக்கருக்கு 6 வருஷம், ஃப்ரிட்ஜுக்கு 9 வருஷம் என்று. கெடு முடிந்தால் முடிந்தது. கடைசிவரை அவர் ஸ்க்ரூ டிரைவரை வெளியே எடுக்கவேயில்லை. நீங்களாக இருந்தால், "இத யாருடா மொதல்ல கை வச்சது?" என்று முன்னால் வந்தவனைத் திட்டிக்கொண்டே பின்பக்கத்தைக் கழற்றியிருப்பீர்கள்.

செத்ததைத் தூக்கிப் போடுவது அடுத்த பாடு. 2001 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. டி.வி., ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏ.சி. இவற்றைக் கழிக்கவேண்டுமானால் மறுசுழற்சிக்கு நாம் காசு கட்டவேண்டும். எங்கள் மெஷினுக்குச் சுமார் 2,500 யென், தூக்கிப்போகிற கூலி தனி. நாற்காலி, மெத்தை என்று 30 செ.மீ.க்கு மேல் எதுவானாலும் முன்கூட்டியே பதிந்து, கடையில் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி, சொன்ன நாளில் வாசலில் வைக்கவேண்டும். பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்ற என்னைப் போய்ப் பழைய இரும்பையும் கொடுத்துக் கூடவே பணமும் கொடுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சட்டம் நல்ல சட்டம்தான், ஃப்ரிட்ஜை வாய்க்காலில் தள்ளிவிட்டுப் போகிறவனைவிட இவர்கள் எவ்வளவோ மேல். ஆனாலும் வயிறு எரிகிறது.

ஒன்று சொன்னால் கோபிக்கக்கூடாது. உங்கள் கடை இத்தனை வருஷம் ஓடியதற்கு உங்கள் கைராசி பாதி, நம் ஊரில் பொருளை அரைகுறையாகச் செய்வது மீதி. இங்கே ஃப்ரிட்ஜ் முனகாமல் பத்துப் பதினைந்து வருஷம் ஓடுகிறது. கெடாத பொருளை எதற்குத் திறக்கவேண்டும் என்று இவர்களுக்கு மூடியைத் திறக்கிற பழக்கமே விட்டுப்போயிற்று.

முழுக்க விட்டுப்போகவில்லை என்றும் சொல்லவேண்டும். அகிஹபாரா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். போருக்குப் பிறகு தெருவில் ரேடியோ வால்வு விற்றவர்களின் ஊர். 1949இல் தெருக்கடைகளை எடுக்கச் சொன்னபோது அவர்களில் பலர் ரயில் பாலத்தின் அடியில் குடியேறினார்கள். இன்றும் அந்தச் சந்துக்குள் போனால், ஒரு ஆள் திரும்பக்கூட இடமில்லாத கடைகளில் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், சுவிட்சு என்று சின்னச் சின்னத் தட்டில் பிரித்து வைத்துக்கொண்டு வயசானவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் உங்களை விட்டால் சாப்பாட்டு நேரம் மறந்துபோகுமே, இங்கே விட்டால் விசா முடிவதும் மறந்துபோகும்.

அதைவிட எனக்குப் பிடித்தது பொம்மை ஆஸ்பத்திரி. விளையாட்டில்லை, நிஜம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஊர் ஊராக நடத்துகிறார்கள். எங்கள் பாப்பாவின் பொம்மை ரயில் ஓடவில்லை என்று கொண்டுபோனேன். ஏப்ரன் கட்டிய ஒரு தாத்தா, அவருக்கு அங்கே டாக்டர் என்றுதான் பெயர், முதலில் ஒரு சீட்டை நீட்டினார். நோயாளியின் பெயர், என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து. அப்புறம் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு நாலு ஸ்க்ரூவையும் கழற்றி, கழற்றின வரிசையிலேயே காந்தத்தட்டில் வைத்தார். உள்ளே ஒரு பல்சக்கரம் விரிசல் விட்டிருந்தது. சாலிடரிங் புகை வாசம் வந்ததும் எனக்கு உங்கள் கடைப் பெஞ்சு ஞாபகம் வந்துவிட்டது. இன்றைக்கு முடியாது, உள்நோயாளியாகச் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். பாப்பா அழுதுகொண்டே ரயிலுக்கு டாட்டா காட்டினாள். கூலி கிடையாது, பாகம் மாற்றினால் அதற்கு மட்டும் காசு. ரயில் இப்போது முன்னைவிடச் சத்தமாக ஓடுகிறது.

மிக்ஸியை அவரிடம் கொண்டுபோகலாமா என்று இவர் கேட்கிறார். பொம்மை இல்லையே என்று தடுத்து வைத்திருக்கிறேன். பெரிய ஜாரின் கப்ளர் பல் தேய்ந்து வழுக்குகிறது, இந்த ஊர்க் கடைக்காரர்களிடம் படம் காட்டினால் அது என்ன இனம் என்றே தெரியாமல் மன்னிப்புக் கேட்கிறார்கள். அடுத்த மாதம் உங்கள் எதிர்வீட்டுப் பையன் இங்கே வேலைக்கு வருகிறானாம், அம்மா சொன்னாள். அவனிடம் பெரிய ஜாருக்கு இரண்டு கப்ளர், சின்ன ஜாருக்கு ஒன்று, ஒரு ஜோடி கார்பன் பிரஷ், மூடிக்கு வாஷர் கொடுத்துவிடுங்கள். எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்பதை ஒரு தாளில் வரைந்து உள்ளே வையுங்கள், இவர் எதிர்ப்பக்கம்தான் திருகுவார். அத்தை எப்படியும் நாரத்தங்காய் ஊறுகாய் கொடுப்பார். பாட்டிலைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், பிரஷில் எண்ணெய் இறங்கிவிடப்போகிறது.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்