முதலாளிக்குச் சிவப்பு அட்டை!

கே: நான் தீவிர செல்சி ரசிகன். உக்ரைன் போருக்கும் எங்கள் கிளப்புக்கும் என்ன சார் சம்பந்தம்?
– வாசகர், மூணாறு

ப: முதலாளிதான் சம்பந்தம்! 2003-ல் செல்சியை வாங்கிய ரஷ்யக் கோடீஸ்வரர் ரோமன் அப்ரமோவிச்சின் சொத்துகளை 2022 மார்ச் 10 அன்று பிரிட்டன் முடக்கியது. கிளப்பும் சொத்துதானே? ஜெர்சிக் கடைக்குப் பூட்டு. புது டிக்கெட் விற்கக் கூடாது. ஆட்டக்காரர்களை வாங்கவோ விற்கவோ கூடாது. வெளியூர் மேட்சுக்குப் போய்வர 20,000 பவுண்டுக்கு மேல் செலவழிக்கக் கூடாது. மைதானத்தில் தீனி மட்டும் விற்கலாம். ரசிகனின் வயிற்றுக்குத் தடை போடும் துணிச்சல் எந்த அரசுக்கும் வராது! மே கடைசியில் டாட் போலி குழு 250 கோடி பவுண்டுக்கு கிளப்பை வாங்கியது. பணம் போய்ச் சேர்ந்தது முடக்கப்பட்ட கணக்குக்கு.

கே: நம்ம பக்கம் இந்தக் கூத்தெல்லாம் கிடையாதே?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

ப: ஏன் இல்லை? ஈழப் போரில் தமிழர்களுக்கு நேர்ந்த கொடுமையைக் காரணம் காட்டி, 2013-ல் இலங்கை வீரர்கள் இருந்தால் தமிழ்நாட்டில் ஐபிஎல் மேட்சுக்கு அனுமதி இல்லை என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார் அன்றைய முதல்வர் ஜெயலலிதா. ஐபிஎல் நிர்வாகம் பணிந்தது. சன் டிவியின் ஹைதராபாத் அணிக்கு கேப்டன் சங்கக்காரா. அவர் இல்லாமலே சேப்பாக்கம் வந்து தோற்றுப்போனார்கள். சென்னை அணியில் இருந்த குலசேகராவுக்கோ சொந்த மைதானமே அந்நிய மண்!

வாளையாறு தாண்டி உங்கள் கேரளத்துக்கு வந்துவிட்டால் அந்தத் தடை அப்போது இல்லை. ஆனால், ஆட உங்களுக்கு டீம் ஏது? கொச்சி டஸ்கர்ஸை 2011-லேயே பிசிசிஐ நீக்கிவிட்டது. அதற்குப் போர் எதுவும் தேவைப்படவில்லை. வங்கி உத்தரவாதம் கொடுக்காததே போதுமாக இருந்தது.