ஃபூஜி மலைச் செலவுக் கணக்கு

டோக்கியோ,
ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம், முழங்கால்தான் இன்னும் என் பேச்சைக் கேட்பதில்லை. ஃபூஜி மலை ஏறிவிட்டு வந்தேன். "அழகெல்லாம் கிடக்கட்டும், எவ்வளவு ஆச்சு?" என்பீர்கள். அதனால் கணக்கையே முதலில் எழுதிவிடுகிறேன்.

மலையின் உயரம் 3776 மீட்டர். பயப்படாதீர்கள், 2305 மீட்டர் வரை பஸ்ஸே ஏறிவிடுகிறது. நம் தொட்டபெட்டாவைவிடச் சற்றுக் குறைந்த உயரத்தில் இறக்கிவிட்டு, இனி உன் பாடு என்று திரும்பிப் போய்விடுகிறது. அங்கே ஒரு கேட். தலைக்கு 4000 யென். போன வருஷம் 2000 தானாம். நம்மூர் டோல்கேட்டே தேவலாம். மத்தியானம் 2 மணிக்கு மேல் போனால், மலைவிடுதியில் இடம் பதிந்தவர்களை மட்டும்தான் விடுவார்கள்.

கழிவறைக்கு 200, 300 யென். வசூலிக்க ஆள் இல்லை, வாசலில் ஒரு பெட்டி. நடுராத்திரிக் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்த ஒரு பெரியவர், பர்ஸில் சில்லறை துழாவி, எண்ணிப் போட்ட பிறகே கதவைத் திறந்தார். அந்த நேரத்து அவசரத்தை யோசித்துப் பாருங்கள்!

எட்டுப் பட்டை வைத்த கைத்தடி ஒன்று வாங்கினேன். வழிநெடுக விடுதிகளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அதில் முத்திரை குத்துகிறார்கள். குத்துக்குக் குத்து காசு. கட்டை கருகும் வாசனை வந்ததும் அடுத்த விடுதிவரை போகத் தெம்பு வந்துவிடுகிறது. முத்திரைச் செலவு தடி விலையை எப்போதோ தாண்டிவிட்டது.

விடுதியில் ராத்திரிக்குக் கறிக்குழம்புச் சோறு. காரமே கிடையாது, லேசாய் இனிக்கும். தட்டை வழித்துச் சாப்பிட்டேன் என்று அத்தையிடம் சொல்லாதீர்கள். குளியல் கிடையாது, தோளோடு தோள் இடிக்கிற படுக்கை.

விடியலுக்கு வெகுமுன்பே எழுப்பிவிட்டார்கள். நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு உச்சிவரை திருப்பதி தர்ம தரிசன வரிசை. முண்டுவாரும் இல்லை, கோவிந்தா போடுவாரும் இல்லை. மலைப்பாதையின் எட்டாவது நிலையத்துக்கு மேல் மலையே ஒரு ஷிண்டோ கோயிலின் சொத்து. 1872 வரை பெண்கள் உச்சிக்கு ஏறக் கூடாதாம். இப்போது என்னைத் தாண்டிப் போனதெல்லாம் பாட்டிமார்.

சூரியன் காலுக்குக் கீழே கிடந்த மேகத்திலிருந்து எழுந்தது. அதற்கு மட்டும் யாரும் காசு கேட்கவில்லை.

எரிமலை வாயைச் சுற்றி நடந்தால் அந்தப் பக்கம், கோடைக்கு மட்டும் திறக்கும் தபாலாபீஸ். அங்கிருந்து உங்களுக்கு ஒரு படஅட்டை போட்டிருக்கிறேன். படத்தில் உச்சி வெள்ளை வெளேரென்றிருக்கும், நம்பாதீர்கள். கோடையில் வெறும் கருப்பும் சிவப்புமாய் எரிமலைக் கல்தான். இறங்கும்போது அதில் பாதி என் ஷூவுக்குள் வந்துவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்