பூர்வீகப் பத்திரம் தேடுவோர் கவனத்துக்கு

ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கொள்ளுத்தாத்தா பத்து வேலி நிலம் வைத்திருந்து கோட்டை விட்டிருப்பார். உங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இல்லையென்றால் நீங்கள் சரியாக விசாரிக்கவில்லை. வயதான பெரியப்பா யாரையாவது மாலை நேரத்தில் திண்ணையில் பிடியுங்கள். கையை ஒரு வீச்சு வீசி, "அந்த ஐயனார் கோயில்லேர்ந்து இந்த வாய்க்கால் வரைக்கும் நம்மளுதுதான்" என்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மேலத்தெருக்காரன் கள்ளை ஊத்திக் கொடுத்துக் கைநாட்டு வாங்கிட்டான்" என்பார். கள்ளும் கைநாட்டும் இல்லாமல் தமிழ்நாட்டில் எந்தக் குடும்பமும் நிலத்தை இழந்ததில்லை. விற்றோம் என்று சொல்ல யாருக்கும் நா எழுவதில்லை.

தஞ்சைக் கணக்கில் 20 மா ஒரு வேலி. ஒரு வேலி ஏறக்குறைய 6 ஏக்கர் 67 சென்ட். பத்து வேலி என்றால் 66 ஏக்கருக்கு மேல். இந்தப் பெருக்கலைப் பெரியப்பா முன்னால் போட்டுக் காட்ட வேண்டாம். கணக்கைத் தனியே போட்டுக்கொண்டு, தேடலைத் தொடங்குங்கள்.

ஆவணக் காப்பகம் என்றதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்னைக்கு ரயிலேறிவிடாதீர்கள். ஊரின் முதல் ஆவணக் காப்பகம் சித்தப்பாவின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. தகர டிரங்குப் பெட்டி. அதன் சாவி சித்தியிடம் இருக்கும். சித்தி கோயிலுக்குப் போயிருப்பார். சித்தப்பாவிடமே போய், "பழைய பத்திரம் ஏதாவது இருக்கா சித்தப்பா?" என்று கேட்டுவிட்டால் தேடல் அன்றோடு முடிந்தது. நான் அப்படித்தான் கேட்டேன். "என்ன தம்பி, கேஸ் கீஸ் போடப்போறியா?" என்றார். காபி வந்தது, சாவி வரவில்லை. மறுநாள் காலைக்குள் மூன்று அத்தைகளுக்குச் செய்தி போய், மூவரும் தனித்தனியே போனில் அழைத்து என் உடல்நலம் விசாரித்தார்கள். பூர்வீகச் சொத்தில் பெண்பிள்ளைகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இல் சட்டத் திருத்தம் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பழைய காகிதத்தைக் கூட யாரும் சும்மா பிரிப்பதில்லை.

ஆகவே பத்திரம் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். ஜாதகம் தேடுகிறேன் என்று சொல்லுங்கள். ஜாதகம் என்றால் எந்தப் பெட்டியும் திறக்கும். அத்தைகளும் ஆசீர்வதிப்பார்கள்.

பெட்டிக்குள் மேலே கிடப்பது கிஸ்தி ரசீதுகள். அதன் கீழே புரோ நோட்டுகள், செல்லரித்த மொய் நோட்டு, யாருடையது என்று தெரியாத ஒரு மூக்குக்கண்ணாடி. பத்திரம் அடியில், மஞ்சள் துணியில் சுற்றி இருக்கும். அவசரப்பட்டு மொய் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். யார் சொந்தம், யார் பகை, எந்த வருஷத்தில் பேச்சுவார்த்தை நின்றது என்பதெல்லாம் அதில்தான் தெளிவாக இருக்கிறது. 1958-இல் இரண்டு ரூபாய் எழுதியவர் 1961-இல் எழுதவில்லை என்றால், இடையில் வரப்பில் ஏதோ நடந்திருக்கிறது.

இனி பத்திரத்தைப் படிப்பது. கிரையச் சாசனம் என்பது ஒரே ஒரு வாக்கியம். 'எழுதிக்கொடுத்த சாசனம் என்னவென்றால்' என்று மூச்சைப் பிடித்தால், நான்கு பக்கம் தாண்டி 'ஆண்டு அனுபவித்துக் கொள்வீர்களாகவும்' என்ற இடத்தில்தான் விடலாம். நடுவில் புத்திர பௌத்திர பாரம்பரியம், நிதி நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் எல்லாம் வரும். நிதி நிட்சேபம் என்றதும் புதையலா என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிடாதீர்கள். பூமிக்குள் ஏதாவது அகப்பட்டால் அதுவும் வாங்கினவருக்கே என்று எல்லாப் பத்திரத்திலும் எழுதுவார்கள். எங்கள் ஊரில் இதுவரை அகப்பட்டது களிமண்தான்.

நான் சொல்லும் யோசனைகளில் உருப்படியானது ஒன்று உண்டென்றால் அது இதுதான்: பத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் எழுத்தர் எழுதியது, பழக்கத்தில் கை தானாக ஓடியது. பின்பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. முத்திரைத்தாள் விற்றவர் யாருக்கு, எந்தத் தேதியில் விற்றார் என்று குறித்திருப்பார். தாளை வாங்கியது விற்கிற ஆளா, நிலத்தை வாங்குகிற ஆளா என்பதைப் பார்த்தால் யாருக்கு அவசரம் என்று புரிந்துவிடும். அதற்குக் கீழே சார்பதிவாளரின் குறிப்பு: எத்தனை மணிக்குள் தாக்கல் ஆனது, எழுதிக்கொடுத்ததாக ஒப்புக்கொண்டவர் யார், அவர் கையெழுத்தா இடது பெருவிரல் ரேகையா, இன்னார்தான் என்று அடையாளம் காட்டியவர்கள் யார். அந்தக் கால முச்சந்தி முழுவதும் அங்கே வரிசையாக நிற்கும்.

தேதியைப் பார்த்து மயங்க வேண்டாம். வருவாய்க் கணக்கு பசலியில் இருக்கும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம் வரும். பசலி ஜூலை முதல் தேதி பிறப்பது என்பதையும் நினைவில் வையுங்கள். தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால்தான் சிக்கல். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். 'தாது வருஷத்துப் பத்திரம்' என்று கேள்விப்பட்டு, தாது வருஷப் பஞ்சத்தில் எங்கள் நிலம் போயிற்று என்று ஒரு கல்யாண வீட்டில் நான் உருக்கமாகப் பேசிவிட்டேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பஞ்சம் வந்த தாது 1876. எங்கள் பத்திரத்தின் தாது 1936. அந்த ஆவணியில் ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது என்று பத்திரமே சொல்கிறது. கொள்ளுத்தாத்தா பயிரோடு விற்றிருக்கிறார்.

நான்கெல்லைக்கு வருவோம். பலர் தடுக்கி விழுகிற வரப்பு இது. 'இன்னார் நஞ்சைக்குக் கிழக்கு' என்று எழுதியிருந்தால், இன்னார் நஞ்சை நமக்குக் கிழக்கில் இருக்கிறது என்று பொருள் அல்ல. நம்முடையது அவர் நிலத்துக்குக் கிழக்கில் இருக்கிறது. அவர் நமக்கு மேற்கே. இது தெரியாமல் நான் பத்திர நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தோப்புக்குள் இறங்கி, "இது எங்க பாட்டன் பூமி" என்று ஒரு பெரியவரிடம் சொன்னேன். அவர் என்னை உட்காரவைத்து இளநீர் வெட்டிக் கொடுத்து, திசையைப் புரியவைத்து அனுப்பினார். எல்லையில் சொல்லியிருக்கும் புளியமரத்தையும் தேட வேண்டாம். அது விறகாகி எழுபது வருஷம் இருக்கும். வாய்க்காலை நம்பலாம், அதுவும் பாதிதான்.

சர்வே எண் இருக்கிறதே என்பீர்கள். ஒரே வயலுக்குப் பைமாஷ் நம்பர் ஒன்று, பழைய சர்வே நம்பர் ஒன்று, ரீசர்வே நம்பர் ஒன்று. 1980-களில் யு.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது சிலருக்கு நிலம் அப்படியே இருந்து பெயர் மாறியது, சிலருக்குப் பெயர் இருந்து நிலம் மாறியது. மூன்று எண்ணையும் பொருத்திச் சொல்லக்கூடியவர் அந்தக் காலத்துக் கர்ணம். பரம்பரை கர்ணம், மணியக்காரர் பதவிகளை அரசு 1980-இல் ஒழித்துவிட்டது. அந்த வீட்டில் யாராவது இருந்தால் வெற்றிலை பாக்கோடு போங்கள்.

இப்போது பதிவு அலுவலகம். வில்லங்கச் சான்று என்று ஒன்று கேட்க வேண்டும். வில்லங்கம் இல்லை என்று சான்று தரும் காகிதத்துக்கும் வில்லங்கம் என்றே பெயர் வைத்தவர் அனுபவசாலி. அண்மைக் காலத்து வில்லங்கத்தை வீட்டிலிருந்தே கணினியில் பார்த்துவிடலாம். தாத்தா காலத்துக்குக் கையால்தான் தேட வேண்டும். 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1-ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். உயில்களுக்கு 3-ஆம் புத்தகம். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய ஏஜெண்டுக்கோதான் நகல். கண்ணை மூடிய பிறகு யார் கேட்டாலும் கிடைக்கும். 2-ஆம் புத்தகம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. பதிய மறுத்த பத்திரங்களுக்கான காரணங்கள் அதில் இருக்கின்றன. அதுவும் எல்லோருக்கும் திறந்ததுதான். நாவல் எழுதுகிறவர்கள் அங்கே போய் உட்காரலாம்.

சட்டத்தை மனப்பாடம் செய்யச் சொன்னேன். கவுண்டரில் ஒப்பிக்கச் சொல்லவில்லை. நான் ஒப்பித்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். அங்கே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு, "திங்கக்கிழமை வாங்க" என்றார். அந்தத் திங்கள் ஏழு திங்களாக நீண்டது. எட்டாவது திங்கள் நான் சட்டத்தை விட்டுவிட்டு, கொள்ளுத்தாத்தாவைப் பற்றிப் பேசினேன். பதிவறையைப் பார்த்துக்கொள்கிறவர், "எங்க தாத்தாவுக்கும் பத்து வேலி சார்" என்றார். அன்று மாலை அட்டவணை மேசைக்கு வந்தது.

பெயரைத் தேடும்போது பொறுமை வேண்டும். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற ஊரில் ஒரே பெயரில் நாலு தலைமுறை இருக்கும். தகப்பனார் பெயரைப் பார்த்துப் பிரிக்கலாம் என்றால் அதுவும் அதே இரண்டு பெயர்கள்தான், மாறி மாறி. பத்திரங்களை அந்நாளில் புத்தகத்தில் கையால் நகல் எடுத்தார்கள். நகல் எடுத்தவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்பு எழுதிய பக்கத்தையும் பின்பு எழுதிய பக்கத்தையும் எழுத்தின் சாய்வை வைத்தே சொல்லிவிடலாம்.

எழும்பூருக்கும் ஒருமுறை போய் வாருங்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே செங்கல் சிவப்பில் நிற்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909-இல் எழுந்த கட்டடம். உள்ளே 1670 தொடங்கி வரும் காகிதங்கள் இருக்கின்றன. முன்னோருக்கு மானியம் இருந்தது என்று வீட்டில் சொல்லியிருந்தால், 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். மானியம் யார் கொடுத்தது, எதற்காக, யார் அனுபவிக்கிறார்கள் என்று ஊர் ஊராக விசாரித்து எழுதிவைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கங்களில் எங்கள் குடும்பம் இல்லை. ராஜா கொடுத்த செப்பேடு ஒன்று இருந்ததாகப் பெரியப்பா சொல்வார். அது பாத்திரக்காரரிடம் போய்விட்டது என்பதோடு அந்தக் கதை நிற்கும்.

சரி, கிடைத்தது என்ன? 1936 தாது வருஷம் ஆவணி மாதம். பத்து வேலி இல்லை, ஒன்பது மா. கைநாட்டும் இல்லை. கொள்ளுத்தாத்தா அழகாக, சுழித்து, தெளிவாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கள் குடித்த கை அப்படி எழுதாது. முத்திரைத்தாளை வாங்கியவரும் அவரே. விற்ற காரணம் 'மூத்த குமாரத்தி விவாகச் செலவு வகைக்கும், புரோ நோட்டுக் கடன் வகைக்கும்'. அந்த மூத்த குமாரத்தியை எனக்குத் தெரியும். பொங்கலுக்குப் பொங்கல் வந்து, தன் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் ஒன்றுமே செய்யவில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்த அத்தைப்பாட்டி. மேலத்தெருக்காரர் அன்றைய விலையைவிடக் கொஞ்சம் கூடத்தான் கொடுத்திருக்கிறார். அதே புத்தகத்தில் பக்கத்துப் பத்திரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டு வந்திருக்க வேண்டும். அட்டவணையில் அதே பெயர் இன்னொரு இடத்திலும் இருந்தது. 1931. இந்த முறை வாங்கியவர் கொள்ளுத்தாத்தா. நெல் விலை விழுந்து கிஸ்தி கட்ட முடியாமல் பலர் தவித்த காலம். விற்றவர் கணவனை இழந்த ஒரு பெண், தன் மைனர் குமாரனுக்குக் கார்டியனாக. நிலம் ஆறு மா. தாளை வாங்கியவர் எங்கள் கொள்ளுத்தாத்தா. பின்பக்கக் குறிப்பின்படி அந்த அம்மாள் வைத்தது இடது பெருவிரல் ரேகை. எங்கள் வீட்டுக் கதைகளில் இந்த ஆறு மா வந்ததே இல்லை. அந்த மைனரின் பேரன் ஏதோ ஒரு திண்ணையில் உட்கார்ந்து, 'கீழத்தெருக்காரன் கைநாட்டு வாங்கிட்டான்' என்று கேட்டுக்கொண்டிருப்பான். அவன் வந்து கேட்டால் பக்க எண் என்னிடம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. 1936-இன் அசல் எப்படியோ எங்கள் டிரங்குப் பெட்டியிலேயே இருந்தது. மடிப்பில் கிழிகிறதே என்ற கரிசனத்தில் அதைக் கடைவீதிக்கு எடுத்துப் போய் லேமினேஷன் செய்துவிட்டேன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை இனி உரித்தால் காகிதமும் சேர்ந்து வரும். உங்கள் பத்திரத்தைச் சுத்தமான பருத்தித் துணியில் தட்டையாக வைத்து, ஈரம் படாத இடத்தில் விடுங்கள், போதும். படம் எடுப்பதென்றால் இரண்டு பக்கமும் எடுங்கள்.

பெரியப்பாவிடம் இன்னும் நான் எதுவும் சொல்லவில்லை. போன வாரம் போனபோது பதினோரு வேலி என்றார்.