பட்டாளத்துக்காரரும் ஃபேஸ்புக்கும்

கேள்வி: ஆடித்தபசுக்கு லீவில் வரும் பட்டாளத்துக்காரர் ஃபேஸ்புக்கில் படம் போடக்கூடாதாமே, ஏன்? (வாசகர், சங்கரன்கோவில்)

பதில்: 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொல்லி வீரர்களுக்கு இந்தியத் தரைப்படை உத்தரவிட்டது. எதிர்த்து ஓர் அதிகாரி தொடுத்த வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் ஆகஸ்டிலேயே தள்ளுபடி செய்தது. காரணம் பாதுகாப்பு. அழகி பெயரில் வரும் நட்பு அழைப்புக்குப் பின்னால் மீசை வைத்த உளவாளி இருக்கலாம். சீருடைப் படம் படைப்பிரிவைக் காட்டிக்கொடுக்கும். ஸ்ட்ராவா என்னும் ஓட்டப்பயிற்சிச் செயலியின் வரைபடத்தில், சிரியாவிலுள்ள அமெரிக்க முகாம்களில் வீரர்கள் ஓடிய தடம் பளிச்சென்று தெரிந்தது 2018இல் அம்பலமானது. தடைப் பட்டியலில் வாட்ஸ்அப் இல்லை. ஆகவே, குடும்பக் குழுவின் 'குட்மார்னிங்' படங்களிலிருந்து வீரருக்கும் விடுதலை இல்லை.