கண்ணேறு அளவையும் நெட்டி முறிப்பும்: அண்ணாமலை நகரை முன்வைத்து ஓர் ஆய்வு

தண்டவாளத்துக்குக் கிழக்கே 1929-இல் தொடங்கிய பல்கலைக்கழகம். மேற்கே நடராசர் கோயில். வேளாண்மை முதல் இசை வரை எல்லாவற்றுக்கும் பல்கலைக்கழகத்தில் துறை உண்டு. விரலை மடக்கினால் ஏன் 'சடக்' என்கிறது என்பதற்கு மட்டும் இல்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு.

தரவுக்குப் பஞ்சமில்லை. தேர்வு மண்டபத்தில் இரண்டாவது மணி நேரம் பிறந்ததும், கூடுதல் தாள் வாங்கிய கையோடு யாராவது பத்து விரலையும் முறிப்பார். கண்காணிப்பாளர் நிமிர்ந்து பார்ப்பார். இது காப்பியில் சேராது என்பதால் மறுபடி குனிந்துகொள்வார்.

சத்தத்தின் காரணம் பற்றி மேலைநாட்டார் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். விரலை இழுக்கும்போது மூட்டுக்குள் இடம் விரிந்து அழுத்தம் குறைகிறது. அங்குள்ள வழுவழுப்பான நீரில் கரைந்திருந்த வாயு குமிழாகிறது. இதுவரை ஒற்றுமை. குமிழ் பிறக்கும்போதே சத்தம் என்றது 1947-இல் லண்டன். இல்லை, அது உடையும்போதுதான் என்றது 1971-இல் லீட்ஸ். 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் எம்ஆர்ஐ கருவிக்குள் விரலை இழுத்துப் பார்த்து, சத்தத்துக்குப் பிறகும் குமிழ் உள்ளேயே இருப்பதைக் கண்டு லண்டன் பக்கம் சாய்ந்தனர். பாதி உடைந்தாலும் சத்தம் வரும் என்று 2018-இல் ஒரு கணித மாதிரி வந்து பஞ்சாயத்தைக் கலைத்தது. இன்னொன்றிலும் சண்டையில்லை: ஒருமுறை முறித்த மூட்டு, சுமார் 20 நிமிடத்துக்கு மறுபடி முறியாது. வாயு திரும்பக் கரைய வேண்டும்.

மூட்டுவாதம் வரும் என்று அம்மாவும் சித்திமாரும் பின்னாளில் மாமியாரும் மிரட்டியதால், டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் இடக்கை விரல்களை மட்டும் தினம் இரண்டு முறையாவது முறித்து, 50 ஆண்டுக்குப் பின் 1998-இல் முடிவை அச்சேற்றினார். இரு கையிலும் வாதம் இல்லை. 2009-இல், சிரிக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. மாமியார் பேச்சைப் பொய்யாக்க அரை நூற்றாண்டு செலவிட்டவர் நம் பக்கத்தில் எவருமில்லை.

இனி தண்டவாளத்துக்கு மேற்கே, கோயில் பக்கத்துப் பள்ளி. மார்கழித் தேர் பார்க்கப் பட்டுப்பாவாடையோடு கீழ வீதி போய்வந்த பேத்தியைப் பாட்டி எதிரில் நிறுத்துவாள். இரு உள்ளங்கையாலும் முகத்தை வழித்து, விரல்களைத் தன் கன்னப்பொறியில் வைத்து அழுத்துவாள். படபடவென்று முறியும். "எவ்ளோ திஷ்டி பாரு!" எத்தனை முறிகிறதோ அத்தனை கண். விரல் பத்து என்பதால் ஊரே பொறாமைப்பட்டாலும் அளவை பத்தோடு நின்றுவிடும். கருவியின் இந்தக் குறையை எந்தப் பாட்டியும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

குறை அதுமட்டுமல்ல. மூத்தவளுக்கு முறித்த கையோடு இளையவனுக்கும் வழித்தால் ஒரு விரலும் பேசாது. "இவனை யாரும் பாக்கவே இல்ல போல" என்று பாட்டி முடிவுகட்டுவாள். குமிழ் கரையாத குற்றத்துக்கு, இரண்டாவதாகப் பிறந்த குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக அழகில் குறைந்தவர்கள் ஆனார்கள்.

தீர்வு எளிது: இளையவனுக்கு 20 நிமிடம் கழித்து நெட்டி முறிக்க வேண்டும். அவ்வாறே பரிந்துரைக்கப்பட்டது. பாட்டியும் காத்திருந்து வழித்தாள், பத்தும் முறிந்தன.

"பாத்தியா? அப்ப ஒண்ணுமில்ல. இந்த இருபது நிமிஷத்துக்குள்ள எவ கண்ணு வச்சாளோ!"