எந்திரிங்க சார், அந்தச் சேர் போச்சு

மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் நான் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு கணவன் மனைவி இருக்கிறார்கள். அவர் குட்டி யானை ஓட்டுகிறார். அந்தம்மா தையல் மிஷின் வைத்திருக்கிறார். தொழில் என்னவென்று கேட்டால் இரண்டு பேரும் இதைத்தான் சொல்வார்கள். பழைய சாமான் வாங்கி விற்பதைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது சும்மா சார், சைடுல" என்பார்கள். அந்த சைடு இப்போது திண்ணையைத் தாண்டி, மாட்டுக்கொட்டகையை விழுங்கி, ரோட்டுக்கு வந்துவிட்டது. மாடு வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. அதையும் போன வாரம் ஒருவர் விலை கேட்டார்.

இந்த ஜாதி மனிதர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கண்ணை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். வீட்டுக்கு வந்தால் நம் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்; பீரோவைப் பார்ப்பார்கள். பேசிக்கொண்டே அதன் கதவை விரல் முட்டியால் இரண்டு தட்டு. தகரம் கனமா, லேசா என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். எதிர்வீட்டு அண்ணன் துக்க வீட்டில் மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பும்போதுகூட மூலையில் கிடந்த ஈசி சேரை ஒரு நொடி பார்த்தார். அந்தம்மா அவர் இடுப்பில் கிள்ளியதை நான் பார்த்தேன். பார்த்த குற்றத்துக்கு அல்ல. இறந்தவர் உட்கார்ந்த நாற்காலியை மலைமேல் எவன் வாங்குவான் என்ற வியாபாரக் கோபம் அது.

அந்தக் கிள்ளலில் ஒரு சங்கதி இருக்கிறது. சென்னையில் பழைய மூர் மார்க்கெட்டில் (1985இல் எரிந்துபோனதே, அது) விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் அறிமுகம் கிடையாது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இன்றைக்கும் அப்படித்தான். பொருளுக்கு அங்கே பூர்வீகம் இல்லை. மலையில் கதை வேறு. இன்ன அண்டா இன்னார் வீட்டுக் கல்யாணத்தில் வந்தது, அந்தக் கல்யாணம் ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை என்று ஊருக்கே தெரியும். அந்த அண்டாவைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பார்கள். ஆகவே பழசு விற்க வேண்டுமானால் முதலில் கொஞ்சம் தூரம் வேண்டும். கீழ்ச் சாமான் மேலே வர வேண்டும், மேல் சாமான் கீழே போக வேண்டும். நடுவில் இத்தனை கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது இவர்களுடைய அதிர்ஷ்டம். ஒவ்வொரு வளைவிலும் பொருளின் பழைய கதை ஒன்று உருண்டு பள்ளத்தில் விழுந்துவிடும். மேலே வந்து சேரும்போது அண்ணன் புதுக்கதை ஒன்று தயாராக வைத்திருப்பார்.

தொழிலின் சூட்சுமமும் அந்த வண்டியில்தான் இருக்கிறது. குட்டி யானை இங்கிருந்து சாமையும் புளியும் பலாப்பழமும் ஏற்றிக்கொண்டு இறங்குகிறது. போளூர், திருப்பத்தூர், வேலூர் என்று எந்தப் பக்கம் இறங்கினாலும் திரும்பும்போது வண்டி காலி. காலி வண்டியை டீசல் போட்டு மலை ஏற்றுவதைப் பார்த்து வயிறு எரிந்துதான் ஒருநாள் ஒரு பழைய பீரோவை ஏற்றி வந்தாராம். ரிட்டர்ன் லோடுக்கு வாடகைக் கணக்கே கிடையாது என்பதால் வந்த விலைக்கு விற்றாலும் லாபம். அன்று ஆரம்பித்தது.

மே மாதம் காட்பாடி. கல்லூரிப் பிள்ளைகள் படிப்பு முடிந்து ஊருக்குப் போகும்போது மெத்தை, ஏர் கூலர், கியர் சைக்கிள் எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். அப்படி வந்ததுதான் இரண்டு கம்பி மட்டும் மிச்சமிருக்கும் ஒரு கிட்டார். மூன்று வருடமாக வாசலில் தொங்குகிறது. போகிற பிள்ளையெல்லாம் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகும். "அத இன்னாத்துக்கு வாங்கினு வந்தே மாமா?" என்று அந்தம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அண்ணனுக்கும் பதில் தெரியாது. பார்த்தவுடன் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். இந்தத் தொழிலில் ஆண்கள் வாங்குகிறார்கள், பெண்கள் விற்கிறார்கள். பெரும்பாலான குடும்பங்கள் பிழைத்துக் கிடப்பது இரண்டாவது பாதியால்.

ஜூனில் டிரங்குப் பெட்டி. உண்டு உறைவிடப் பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடும் அப்பா அம்மாக்கள் பூட்டுப் போடுகிற மாதிரி ஒரு பெட்டி கேட்டு வருவார்கள். மார்கழிக் குளிரில் கம்பளி. பானிபட் என்றால் 1526, 1556, 1761 என்று மூன்று போர்களைத்தான் பள்ளிக்கூடத்தில் நாங்கள் மனப்பாடம் செய்விக்கிறோம். இன்றைய பானிபட்டில் உலகத்துப் பழைய கம்பளி உடுப்பெல்லாம் மலைமலையாக வந்து இறங்கி, கிழிபட்டு, நூலாகி, மலிவுப் போர்வையாக நாடு முழுவதும் போகிறது என்பது பாடப்புத்தகத்தில் இல்லை. எந்த நாட்டுக் கிழவர் போட்டிருந்த ஸ்வெட்டரோ, போர்வையாகி எங்கள் ஊர்க் கிழவரை மூடுகிறது. அதையும் இவர்கள் இரண்டாம் கையாக விற்கிறார்கள். அப்படியானால் அது எத்தனையாவது கை என்று எனக்குக் கணக்கு வரவில்லை. நான் தமிழ் வாத்தியார்.

ஞாயிற்றுக்கிழமைதான் அவர்களுக்குத் தீபாவளி. போன ஞாயிறு முழுவதும் நான் அங்கேதான் இருந்தேன். எனக்கு வேறு வேலை இல்லை.

விடியற்காலை ஐந்துக்கு வண்டி வந்து நின்றது. ஒரு பீரோ, இரண்டு இரும்புக் கட்டில், ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல், ஆம்பூர் பக்கத்துச் செகண்ட்ஸ் செருப்பு ஒரு மூட்டை. மூட்டையை அவிழ்த்ததும் அந்தம்மா இடதுகால், வலதுகால் என்று ஜோடி சேர்க்க உட்கார்ந்தார். ஏழு செருப்புக்கு ஜோடி இல்லை. ஏழும் இடதுகால். "ஏம்மே, வலது அடுத்த லோடுல வரும்" என்றார் அண்ணன். அந்தம்மா ஒன்றும் சொல்லாமல் ஒரு செருப்பை எடுத்தார். அண்ணன் படம் போடப் பாறைக்குக் கிளம்பிவிட்டார்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பாறைமேல் ஏறினால்தான் டவர் எடுக்கும். கீழே பொருளைப் படம் எடுத்து, பாறையில் ஏறி வாட்ஸாப் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டு இறங்க வேண்டும். யாராவது விலை கேட்டிருக்கிறார்களா என்று பார்க்க மறுபடி ஏற வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது ஏறி இறங்குவதால் அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

எட்டு மணிக்குக் கல்யாண வீட்டுக்காரர்கள் பீரோ பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் கதவைத் திறந்து மூடினார். கிறீச்சென்றது.

"எத்தினி வருசம் ஆச்சி?"

"எட்டு."

"ரொம்பப் பழசு போல கீதே."

அண்ணன் அதற்குத்தான் காத்திருந்தார். "பெரியப்பா, காவலூர்ல பெரிய கண்ணாடி வெச்சுப் பாக்குறாங்களே, அதுல தெரியிற நட்சத்திரமெல்லாம் இன்னிக்கு வெளிச்சமா? ஆயிரம் வருசத்துப் பழைய வெளிச்சம். அத்தப் பாக்குறதுக்கே கவர்மெண்டு அவ்ளோ துட்டு போட்டுக் கட்டிக்கிது. என் பீரோ எட்டு வருசம்தான்."

காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய விஞ்ஞானிகள் வானத்தில் என்னென்னவோ கண்டுபிடித்திருக்கலாம். பீரோ விற்க அது உதவும் என்பதை எங்கள் அண்ணன்தான் கண்டுபிடித்தார். பெரியப்பா அசந்துபோய் நின்ற அந்த இடைவெளியில் அந்தம்மா கீலில் இரண்டு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டு, "இப்ப திறந்து பாருங்க" என்றார். சத்தம் போய்விட்டது. நட்சத்திரத்தால் பாதி, எண்ணெயால் பாதி, வியாபாரம் முடிந்தது.

பணம் கையில் வந்தது கொஞ்சம்தான். மிச்சம் நோட்டில் ஏறியது. அந்த நோட்டை நான் வாங்கிப் பார்த்தேன். அளவு எழுதும் தையல் நோட்டு அது. ஒரு பக்கத்தில் மார்பு 34, கை 6 என்று ஜாக்கெட் அளவுகள். எதிர்ப்பக்கத்தில் பாக்கிகள். பாக்கிக்கு நேரே தேதி கிடையாது. புளி, சாமை, பலா, சீத்தா என்றுதான் எழுதியிருக்கிறது. புளி உலுக்கியதும் கொடுப்பவர், சாமை அறுத்ததும் கொடுப்பவர் என்று அர்த்தம். ஒரே ஒரு பெயருக்கு நேரே மட்டும் 'மழை' என்று இருந்தது. யாரென்று அந்தம்மாவிடம் கேட்டேன். "அது வராது சார்" என்றார்.

எக்ஸ்எல்லுக்கு மட்டும் கடன் இல்லை, கதையும் இல்லை. மூன்று மூட்டையும் ஒரு மாமியாரையும் ஏற்றிக்கொண்டு மேடேறும் வண்டி என்பதால் மலையில் அதற்கு எப்போதும் கிராக்கி. ஆனால் ஆர்.சி. புக் வேண்டும், முதல் ஓனர் 29, 30 இரண்டு பாரத்திலும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இல்லாத வண்டியை அந்தம்மா வாசலிலேயே ஏற்ற மாட்டார். அண்ணன் ஒருமுறை புக் இல்லாத வண்டியோடு வந்து, இரவோடு இரவாக அதே வண்டியோடு கீழே இறங்கினார். சாப்பிட்டுவிட்டுப் போகிறேன் என்று கேட்டும் பார்த்தாராம்.

பதினொரு மணிக்கு நான் திண்ணையில் ஒரு பிரம்பு நாற்காலியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். கோலப்பன் ஏரியில் படகு விட்டுவிட்டு வந்த ஒரு குடும்பம் காரை நிறுத்தியது. அண்ணன் என்னைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் சிரித்து வணக்கம் சொன்னேன். அவர்கள் திருப்பி வணக்கம் சொல்லவில்லை. குனிந்து என் கால்களுக்கு நடுவே பார்த்தார்கள். அண்ணன் வந்து காதோடு சொன்னார்: "எந்திரிங்க சார், அந்தச் சேர் போச்சு."

ஒரு புரொபசர் வைத்திருந்த நாற்காலியாம். அவர் உட்காரவே மாட்டாராம். நின்றுகொண்டேதான் பாடம் எடுப்பாராம். அதனால் பிரம்பு புதுசு மாதிரி இருக்கிறதாம். அந்த நாற்காலியில் தினமும் உட்கார்ந்தது நான். மீதி டீயை நின்றுகொண்டே குடித்தேன். புரொபசரும் இப்படித்தான் பழகியிருப்பார்.

காரில் ஏறப் போன அந்தப் பெண்மணியின் கண் குழாயடியில் நின்றது. அங்கே ஒரு திருகைக்கல் கிடந்தது. அதன்மேல்தான் துணி துவைப்பார்கள். அண்ணனுடைய பாட்டி அரைத்த கல். 2011இல் அரசாங்கம் மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுக்க ஆரம்பித்த பிறகு வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தது, அப்படியே குழாயடிக்குப் போனது. "வீட்டு வாசல்ல வெச்சுப் பூப் போட நல்லாருக்கும்" என்றார் பெண்மணி. அந்தம்மா கண் இமைக்காமல், "மூவாயிரத்து ஐந்நூறு" என்றார். பேரம் மூவாயிரத்தில் முடிந்தது. அதே வீட்டுத் திண்ணையில் அன்றைய முதலமைச்சர் படம் ஒட்டிய அந்த மிக்சியும் விற்பனைக்கு இருக்கிறது. நானூறு ரூபாய். ஆறு மாதமாக யாரும் கேட்கவில்லை.

கல்லைத் தூக்கி டிக்கியில் வைத்தபோது அண்ணனின் அம்மா உள்ளேயிருந்து வந்தார். "என்னையும் ஏத்தி வுட்டுடு, எவளாவது வாசல்ல வெச்சுக்குவா" என்றார். வெற்றிலை இடிக்கும் சின்ன உரலை அந்தக் கிழவி தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார். அந்த வீட்டில் அவ்வளவு ஜாக்கிரதை தேவை. டிவி மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது. பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் முதலில் கட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சுவர்க் கடிகாரம் போன ஆணியில் காலண்டர் தொங்குகிறது. மணி கேட்டால் தேதி சொல்வார்கள்.

ஆனாலும் ஏமாற்றமாட்டார்கள். கதை சொல்வார்கள், ஏமாற்றமாட்டார்கள், வித்தியாசம் உண்டு. ஓடவில்லை என்றால் ஒரு வாரத்தில் திருப்பித் தரலாம். வாங்கிக்கொள்ளாமல் எங்கே போவது? வாங்கியவரை மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தாக வேண்டும், ரேஷன் கடையில் பார்த்தாக வேண்டும், திருவிழாவில் ஒரே பந்தியில் உட்கார்ந்தாக வேண்டும்.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் அந்தம்மா கணக்குப் பார்த்தார். திருகைக்கல் லாபத்தில் மிஷினுக்கு மோட்டார் வாங்க வேண்டும் என்றார். அண்ணன் மெதுவாக, திருப்பத்தூரில் ஒரு ஆர்மோனியம் மலிவாக வருவதாகச் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வாசலில் ஏதோ பிள்ளை கிட்டாரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது.

நான் எழுந்தேன். அண்ணன் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: "சார், டிரான்ஸ்பர் எப்போ?"

பாசமான கேள்வி என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். மலைக்கு வேலைக்கு வரும் வாத்தியார், நர்ஸ், வனத்துறை ஆள் என்று யாராக இருந்தாலும் ஒருநாள் கீழே போவார்கள். போகும்போது கட்டிலையும் கேஸ் அடுப்பையும் இறக்கும் கூலிக்குப் பயந்து இங்கேயே கொடுத்துவிடுவார்கள். வெளியூர்க்காரர் சாமான் என்பதால் அதில் எந்த வீட்டுக் கதையும் ஒட்டியிருக்காது. ஆகவே கவுன்சலிங் தேதி எங்கள் ஆபீசுக்கு வருமுன்பே எதிர்வீட்டுக்கு வந்துவிடும். "இந்த வருசம் எழுதல" என்றேன். அண்ணனும் அந்தம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இல்ல சார்" என்று தயங்கினார் அந்தம்மா. "உங்க தேக்குக் கட்டிலுக்கு ஒருத்தங்க ஐந்நூறு ரூபா அட்வான்ஸ் குடுத்துட்டாங்க."

நோட்டைப் புரட்டிக் காட்டினார். ஜாக்கெட் அளவுக்கு எதிர்ப்பக்கத்தில், சார் கட்டில், ஐந்நூறு வரவு, மீதி சாமை என்று தெளிவாக எழுதியிருந்தது.

அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஒரு கால் கொஞ்சம் ஆடுகிறது. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் வந்தால் இதை எதிர்வீட்டில் சொல்லிவிடாதீர்கள், விலையைக் குறைத்துவிடுவார்கள்.